விளையாட்டை நிறுத்தாமல் சிகரெட்டை நிறுத்த வழி சொல்லுங்கள்

வணக்கம். என் அக்கா மகன் மதுரையில் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறான். தினமும் மாலையில் கிரிக்கெட். ஆட்டத்தில் குறையில்லை, ஆட்டம் முடிந்து டீக்கடைப் பெஞ்சில் கழியும் அரைமணி நேரத்தில்தான் சிகரெட் கைமாறுகிறது. ஒற்றைச் சிகரெட் வாங்கக் கைச்செலவுக் காசே போதும். 18 வயதுக்குட்பட்டோருக்கு விற்கக் கூடாது என்று 2003ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. கடைக்காரரிடம் சொல்லியும் பார்த்துவிட்டேன், பலனில்லை.

இனி மைதானத்துக்கே விடமாட்டேன் என்கிறாள் அக்கா. எனக்கு மனம் ஒப்பவில்லை. ஓடியாடும் பிள்ளையை வீட்டில் அடைத்தால் பழக்கம் மொட்டைமாடிக்கு மாறும், அவ்வளவுதான்.

இதைக் கடந்து வந்த பெற்றோரும் பயிற்சியாளர்களும் சொல்லுங்கள். அவனை அவமானப்படுத்தாமல் பேச்சை எப்படித் தொடங்குவது? புகையிலைப் பழக்கத்தைக் கைவிட உதவும் 1800-11-2356 என்ற இலவச எண்ணில் இந்த வயதுப் பிள்ளைகள் யாராவது பேசிப் பயன் பெற்றிருக்கிறார்களா?