புதுப்பிப்பு: சிட்னி பெரியம்மாவின் மதிப்பீடு

போன மாதம் எழுதியதன் தொடர்ச்சி. சிட்னியில் பெரியம்மா, பெருமூளை வாதம் உள்ள அண்ணாவைத் தனியாளாகப் பார்க்கிறா. என்டிஐஎஸ் (அவுஸ்திரேலிய அரசின் மாற்றுத்திறனாளிகளுக்கான உதவித் திட்டம்) மதிப்பீட்டுக்கு வீட்டுக்கு வந்தவர் பள்ளிக்கூடம் போகும் தங்கச்சியையே மொழிபெயர்க்கச் சொன்னார், என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன்.

அரசின் மொழிபெயர்ப்புச் சேவையை (131 450) அழைக்கச் சொன்ன எல்லாருக்கும் நன்றி. அடுத்த சந்திப்பில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் தொலைபேசியில் இருந்தா. மகளுக்கு முன்னால் "கஷ்டம் ஒண்டுமில்லை" என்று சமாளித்த பெரியம்மா, இந்தமுறை இரவில் எழும்பி எழும்பி அண்ணாவைப் புரட்டிப் படுக்கவைப்பது, குளிக்க வார்க்கத் தூக்கித் தூக்கி இடுப்பு விட்டுப்போனது என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டா. அத்தனையும் அறிக்கையில் ஏறியிருக்கு. ஆளைத் தூக்கும் ஹொயிஸ்ட்டும் பரிந்துரையில் இருக்கு. கிடைக்குமா என்பது இனித்தான் தெரியும். முடிவு சரிவராவிட்டால் மூன்று மாதத்துக்குள் மீளாய்வு கேட்கலாம்.

விசா பற்றிக் கேட்டவர்களுக்கு: என்டிஐஎஸ் திட்டத்தில் சேர நம்மவர்களுக்குக் குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ வேணும், 65 வயதாவதற்குள் விண்ணப்பிக்கவும் வேணும். தற்காலிக விசாக்காரருக்குக் கதவு சாத்தித்தான் இருக்கு. எனக்கு அது அநியாயமாகவே படுது.

பராமரிப்பவர்களுக்கு உதவும் அரசு சேவையான கேரர் கேட்வேயை (1800 422 737) அழைக்கப் பெரியம்மாவைச் சம்மதிக்க வைத்ததுதான் பெரும்பாடு. "என்ர பிள்ளையைப் பார்க்க வேற ஆளோ?" என்று ஒரே பிடி. "உங்களுக்குக் காய்ச்சல் வந்தா என்னை ஆர் பார்க்கிறது?" என்று அண்ணாவே கேட்ட பிறகுதான் இறங்கி வந்தா. வியாழக்கிழமை அழைக்கிறோம்.