இரட்டை லென்ஸ் கேமராவில் எடுத்த படங்கள் கண்ணை உறுத்துகின்றன: வைத்துக்கொள்ளலாமா, திருப்பித் தந்துவிடலாமா?

சென்னிமலைத்தறி | வியாழன், இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். இரண்டு லென்ஸ் உள்ள முப்பரிமாணக் கேமரா ஒன்றைப் பழைய கேமராக்கள் விற்கும் கடையில் வாங்கியிருக்கிறேன். மனதுக்குப் பிடிக்கவில்லை என்றால் ஞாயிற்றுக்கிழமைக்குள் திருப்பித் தரலாம் என்று கடைக்காரர் சொல்லியிருப்பதால்தான் இந்த அவசரம். தெருவையும் கோயில் வாசலையும் எடுத்த படங்கள் அதன் திரையில் மிக அழகாக, ஆழத்தோடு தெரிகின்றன. ஆனால் பேத்தியை எடுத்த படங்கள் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்து கண்ணை வலிக்கச் செய்கின்றன. கணினியில் எந்தப் படமும் முப்பரிமாணமாக வரவில்லை; சில திறக்கவே இல்லை. அடுத்த மாதம் குழந்தைக்குக் காதுகுத்து. என் மனைவியும் எளிதாகக் கையாள வேண்டும் என்றுதான் இதை வாங்கினேன். கேமராவில் கோளாறா, என் பிழையா? வைத்துக்கொள்ளலாமா?

குறிஞ்சி | வியாழன், இரவு 9.58

வணக்கம் ஐயா. கேமராவின் பெயரையும் மாதிரியையும் நீங்கள் குறிப்பிடவில்லை. பேத்தியை எவ்வளவு தூரத்திலிருந்து எடுத்தீர்கள், ஜூம் பயன்படுத்தினீர்களா, கணினியில் திறக்காத கோப்புகளின் பெயர் எப்படி முடிகிறது என்ற மூன்றையும் சொன்னால்தான் எங்களால் உருப்படியாக உதவ முடியும்.

ஒளிவட்டம் | வியாழன், இரவு 10.15

மாதிரி எதுவானாலும் காரணம் விரல்தான் என்பது என் உறுதியான எண்ணம். இத்தகைய கேமராக்களில் ஒரு லென்ஸ் உடலின் ஓரத்தை ஒட்டியே இருப்பதால், இரண்டு கைகளாலும் இறுகப் பிடிக்கும்போது விரல்நுனி அதன் முன் வந்துவிடுகிறது. ஒரு கண்ணுக்குப் பேத்தியும் மறு கண்ணுக்கு மங்கலான விரலும் தெரிந்தால் யாருக்கும் கண் வலிக்கத்தான் செய்யும். மேல்விளிம்பிலும் கீழ்விளிம்பிலும் மட்டும் விரல் படும்படி, கண்ணாடித் துண்டைப் பிடிப்பதுபோலப் பிடித்துப் பாருங்கள்.

பழையபெட்டி | வியாழன், இரவு 10.31

ஐயா, எந்தக் காரணம் கொண்டும் திருப்பித் தராதீர்கள். அந்தக் காலத்துச் சிறிய கேமராக்களில் இருக்கும் சிசிடி உணரி (ஒளியைப் படமாக மாற்றும் சில்லு) தோலின் நிறத்தைக் காட்டும் விதம் இன்றைய கைப்பேசிகளில் கிடைப்பதில்லை. முப்பரிமாணத்தை அணைத்துவிட்டு, சாதாரணக் கேமராவாகப் பயன்படுத்தினாலே கொடுத்த பணத்துக்குத் தகும்.

துளைப்படக்காரர் | வியாழன், இரவு 11.20

கேமராவின் பெயரைக்கூடச் சொல்லாமல் கேள்வி கேட்பவர்களுக்கு ஊகத்தால் பதில் சொல்லும் வழக்கத்தை இங்கே எல்லோரும் கைவிட வேண்டும். பல ஆண்டுகளாக இதையே சொல்லிவருகிறேன். துளை அளவு, வேகம், ஒளி உணர்திறன் ஆகிய மூன்றையும் கற்றுக்கொண்ட பிறகே ஒருவர் கேமரா வாங்க வேண்டும். புதுமை என்று விளம்பரப்படுத்தப்படும் வசதிகள் எல்லாம் இந்த அடிப்படையை அறியாதவர்களுக்காக வைக்கப்படுபவை. இவர் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒற்றை லென்ஸ் உள்ள நல்ல கேமரா ஒன்றை வாங்குவதே முறை.

சென்னிமலைத்தறி | வெள்ளி, காலை 6.05

மன்னிக்கவும், பெயர் தெரிந்திருக்கும் என்று நினைத்துவிட்டேன். ஃபியூஜிஃபில்ம் ஃபைன்பிக்ஸ் ரியல் 3டி டபிள்யூ3. திறக்காத கோப்புகள் எம்பிஓ என்று முடிகின்றன. விரல் மறைக்கவில்லை, பார்த்துவிட்டேன். குழந்தையைப் பக்கத்தில் வைத்துத்தான் எடுத்தேன், இரண்டடி இருக்கும். தறிக்குப் போகிறேன், மாலையில் பார்க்கிறேன்.

இருவிழி | வெள்ளி, காலை 8.40

மாதிரி தெரிந்துவிட்டதால் விரிவாகவே எழுதுகிறேன். 2010இல் வந்த இந்தக் கேமராவை நான் பல ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறேன். நீங்கள் சொல்பவற்றில் எதுவும் கோளாறு போலத் தெரியவில்லை.

கணினிச் சிக்கல் எளிது. எம்பிஓ கோப்பு என்பது இடக்கண் படத்தையும் வலக்கண் படத்தையும் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி ஒரே உறையில் போட்டது போன்றது. அந்த உறையை அறியாத மென்பொருள் திறக்க மறுக்கும். அல்லது முதலில் உள்ள ஒரு படத்தை மட்டும் காட்டிவிட்டு நின்றுவிடும். பெயரின் முடிவை ஜேபெக் என்று மாற்றினாலும் அந்த ஒரு படம் தெரியும். ஆனால் அப்படித் திறந்ததைத் திருத்திச் சேமித்தால் இரண்டாவது படம் போயே போய்விடும் என்பதால், எதைச் செய்தாலும் நகலில் மட்டும் செய்யுங்கள். மெனுவில் எம்பிஓவோடு ஜேபெக்கையும் சேர்த்துப் பதிவு செய்யும் தேர்வு இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் உறவினர்களுக்கு அனுப்புவதற்குத் தனியாக ஒரு சாதாரணப் படமும் கிடைத்துவிடும். விண்டோஸ் கணினியில் முப்பரிமாணமாகப் பார்க்க ஸ்டீரியோ ஃபோட்டோ மேக்கர் என்ற இலவச மென்பொருளை நிறுவி, சிவப்பும் நீலப்பச்சையும் கொண்ட காகிதக் கண்ணாடி ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள்.

கண் வலிக்குத் தூரமே காரணம். நம் கண்களுக்கு இடையே ஏறத்தாழ 65 மில்லிமீட்டர்தான் இடைவெளி. இந்தக் கேமராவின் லென்ஸ்களுக்கு இடையே 75 மில்லிமீட்டர். இடைவெளியைப் போல முப்பது மடங்குத் தூரத்துக்கு அப்பால் இருப்பவையே முப்பரிமாணத்தில் இதமாகத் தெரியும் என்பது இந்தத் துறையில் நெடுங்காலமாக உள்ள கணக்கு. அதன்படி 75ஐ முப்பதால் பெருக்கினால் இரண்டேகால் மீட்டர் வருகிறது, அதாவது ஏழடிக்குச் சற்று அதிகம். இது பின்னால் வானம் வரை திறந்திருக்கும் இடத்துக்கான கணக்கு. பின்னால் நாலு மீட்டருக்குள் சுவர் இருந்தால் ஒன்றரை மீட்டர் வரை நெருங்கலாம். இரண்டடிக்கு வந்துவிட்டாலோ, குழந்தைக்குப் பின்னால் ஒரு சாணுக்குள் திரையோ சுவரோ இருந்தாக வேண்டும். இல்லையென்றால் முகமும் பின்னணியும் ஒன்றோடொன்று ஒட்டாமல் பிரிந்துவிடும். ஜூமை முழுதாக இழுத்தால் அந்த இரண்டேகால் மீட்டரும் மும்மடங்காகிவிடும் என்பதால், முப்பரிமாணத்தில் ஜூமைத் தொடாமல் இருப்பதே நல்லது.

ஒளிவட்டம் | வெள்ளி, காலை 9.10

இடமாறு தோற்றத்தை (இரண்டு படங்களிலும் ஒரே பொருள் சற்று விலகி நிற்பதை) சரிசெய்யும் விசை அந்தக் கேமராவிலேயே இருக்கிறதே, அதை அழுத்தினால் போதாதா? திரையில் ஒவ்வொரு கண்ணுக்கும் தனிப் படத்தைக் காட்டும் தடுப்புப் பட்டைகள் இருப்பதால் தலையைச் சற்று அசைத்தாலும் இரட்டையாகத் தெரியும். அதுவும் காரணமாக இருக்கலாம்.

இருவிழி | வெள்ளி, காலை 9.35

அந்த விசை இரண்டு படங்களையும் பக்கவாட்டில் நகர்த்தி, முகத்தையோ பின்னணியையோ ஏதேனும் ஒன்றை மட்டும் பொருத்தும். இரண்டுக்கும் நடுவே உள்ள அதீத ஆழத்தை அதனால் குறைக்க முடியாது. முகத்தைப் பொருத்தினால் பின்னாலிருக்கும் தூண் இரண்டாகும். தூணைப் பொருத்தினால் முகம் இரண்டாகும். திரையைப் பற்றி நீங்கள் சொன்னதையும் திருத்த வேண்டியிருக்கிறது. டபிள்யூ3இன் மூன்றரை அங்குலத் திரையில் இருப்பவை தடுப்புப் பட்டைகள் அல்ல, செங்குத்தாக ஓடும் நுண்ணிய வில்லை வரிகள். நேர் எதிரே இல்லாமல் சாய்வாகப் பார்த்தால் பிம்பம் உடையும் என்பது மட்டும் சரி.

துளைப்படக்காரர் | வெள்ளி, காலை 11.02

இவ்வளவு கணக்கும் எச்சரிக்கையும் தேவைப்படும் கருவியைச் சாதாரணக் குடும்பத்துக்கு எப்படிப் பரிந்துரைக்கிறீர்கள்? ஒரு கேமராவை அதன் படத்தின் தரத்தைக் கொண்டே மதிப்பிட வேண்டும். இதன் லென்ஸின் துளையை முழுதாகத் திறந்தாலும் எஃப் 3.7தான், குறைந்த ஒளியே உள்ளே வரும்; உணரியோ சுண்டுவிரல் நகத்தளவு கூட இராது. மாலை வெளிச்சத்தில் மண்டபத்துக்குள் எடுத்தால் படம் முழுவதும் புள்ளி புள்ளியாக இருக்கும். முப்பரிமாணத் தொலைக்காட்சிகளைப் பெரிய நிறுவனங்கள் 2017 அளவில் கைவிட்டுவிட்ட பிறகு, இந்தப் படங்களை எங்கே பார்ப்பது? இது வித்தையே தவிர ஒளிப்படக் கலை அல்ல.

இருவிழி | வெள்ளி, நண்பகல் 12.20

வெளிச்சம் குறைந்த இடத்தில் இது தடுமாறும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். தொலைக்காட்சியைப் பற்றிச் சொன்னதும் உண்மை. ஆனால் வித்தை என்று சொல்வதை ஏற்க முடியாது. இங்கிலாந்து அறிவியலாளர் சார்லஸ் வீட்ஸ்டன் இரு கண் பார்வையை விளக்கி, ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகத்துக்குக் கட்டுரை அளித்தது 1838இல். பிரான்சின் டாகேர் கண்டுபிடித்த ஒளிப்பட முறை உலகுக்கு வெளியிடப்பட்டது அதற்கு அடுத்த ஆண்டில்தான். 1851இல் லண்டன் பெருங்கண்காட்சியில் வைக்கப்பட்ட பிறகு முப்பரிமாணப் படங்கள் ஐரோப்பாவில் வீட்டுக்கு வீடு பரவின. ஒளிப்படத்தோடு கூடப் பிறந்த ஒன்றை, அதற்குரிய திரை இன்று கடையில் விற்கவில்லை என்பதற்காகத் தாழ்த்துவது நியாயமாகாது. இரண்டு லென்ஸை மூடியோடு சேர்த்துச் சட்டைப்பைக்குள் அடக்கி, அதன் பின்புறத்திலேயே கண்ணாடி இல்லாமல் பார்க்கும் திரையையும் வைத்ததுதான் இந்தக் கேமராவின் தகுதி. அதைக் கொண்டே இதை மதிப்பிட வேண்டும்.

பழையபெட்டி | வெள்ளி, நண்பகல் 12.41

அதற்குள் இருப்பதும் 10 மெகாபிக்சல் சிசிடிதான், ஒன்றுக்கு இரண்டாக. நிறத்தைப் பற்றி நான் சொன்னதை யாரும் கவனிக்கவில்லை.

வியூமாஸ்டர்_மகள் | வெள்ளி, மாலை 4.15

விவாதத்துக்கு நடுவே என் அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் இதே கேமரா இருக்கிறது. கணினியிலோ தொலைக்காட்சியிலோ நாங்கள் அதைப் பார்த்ததே இல்லை. என் தாயார் மாலையில் காப்பி குடித்து முடித்ததும் கேமராவையே கையில் வாங்கி, ஒரு முழ நீட்டத்தில் நேராகப் பிடித்துக்கொண்டு படங்களைத் தள்ளிக்கொண்டே போவார். கொலுப்படிகளை எடுத்த படத்தில் முன்படியிலிருந்த செட்டியார் பொம்மை கைக்கு எட்டும்போலத் தெரிந்ததால் விரலை நீட்டித் தொட்டுப் பார்த்தார். சிறு வயதில் வியூமாஸ்டர் பெட்டியில் அருவியைப் பார்த்து நான் கையை நீட்டியதும் இப்படித்தான். ஆகவே, வீட்டில் யார், எதில் வைத்துப் பார்க்கப் போகிறார்கள் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, பிறகு கேமராவைப் பற்றி முடிவு செய்யுங்கள் ஐயா. ஊருக்கெல்லாம் கைப்பேசியில் அனுப்புவதற்கு என்றால் இது வேண்டாம்.

குறிஞ்சி | வெள்ளி, மாலை 5.30

ஐயா, இன்னொரு விவரம் விட்டுப்போயிற்று. பேத்தியை எடுக்கும்போது கேமராவைப் படுக்கையாகப் பிடித்தீர்களா, கைப்பேசியைப் பிடிப்பதுபோல நிமிர்த்திப் பிடித்தீர்களா?

சென்னிமலைத்தறி | வெள்ளி, இரவு 8.50

நிமிர்த்தித்தான். குழந்தை நின்றுகொண்டிருந்தாள், முழு உருவமும் வர வேண்டும் என்பதற்காக. தெருவையும் கோயிலையும் படுக்கையாக எடுத்தேன். இதனாலா?

குறிஞ்சி | வெள்ளி, இரவு 9.05

இதுவும் காரணம்தான். நம் கண்கள் பக்கம் பக்கமாக இருக்கின்றன. கேமராவை நிமிர்த்தினால் அதன் கண்கள் மேலும் கீழுமாகிவிடுகின்றன. அப்படி எடுத்ததைக் கணினியில் நேராக்கினால் இரண்டு படங்களுக்கும் மேல்கீழ் வேறுபாடு வரும், அதை நம் கண்களால் ஒன்றாக்க முடியாது. கேமராவையே திருப்பிப் பார்த்தாலோ திரையின் வில்லை வரிகள் படுக்கையாகிவிடுவதால், இடக்கண்ணுக்கும் வலக்கண்ணுக்கும் தனித்தனிப் படம் போகாமல் இரண்டும் கலந்து தெரியும். முப்பரிமாணத்துக்கு எப்போதும் படுக்கையாகவே பிடிக்க வேண்டும். நின்ற உருவம் வேண்டுமென்றால் பின்னால் தள்ளி நில்லுங்கள். அல்லது இருபரிமாணத்துக்கு மாற்றிக்கொண்டு எப்படி வேண்டுமானாலும் பிடியுங்கள்.

இருவிழி | வெள்ளி, இரவு 9.48

குறிஞ்சி கேட்டது நல்ல கேள்வி. எனக்கு அது தோன்றவில்லை. காதுகுத்துக்குப் பயன்படும் இன்னொன்றையும் சொல்கிறேன். இந்தக் கேமராவில் முப்பரிமாணம் அல்லாத மேம்பட்ட முறை ஒன்று உண்டு. அதில் ஒரே அழுத்தலில் ஒரு லென்ஸ் அகலமாகவும் மற்றது ஜூம் செய்தும் இரண்டு படங்களை எடுக்கும். ஆசாரி குத்துகிற அந்த நொடி திரும்ப வராது. தாய்மாமன் மடியிலிருக்கும் குழந்தையின் முகம் ஒரு படத்திலும், சுற்றி நிற்கும் உறவுக்கூட்டம் முழுவதும் மற்றதிலும் கிடைத்துவிடும். இதற்கு எந்தக் கணக்கும் தேவையில்லை, உங்கள் மனைவியால் முதல் நாளே எடுக்க முடியும்.

முப்பரிமாணத்தில் எடுக்கும்போது வாசல் தோரணத்தைச் சட்டகத்தின் ஓரத்தில் வரவிடாதீர்கள். திரைக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும் மாவிலையைத் திரையின் விளிம்பு வெட்டினால், பக்கத்தில் வரும் பொருளைத் தூரத்தில் இருக்கும் விளிம்பு எப்படி மறைக்கும் என்று கண் குழம்பிவிடும். முன்பொருள் முழுவதுமாகச் சட்டகத்துக்குள் இருக்க வேண்டும்.

நாளை காலை வெளிச்சத்தில் ஒரு சோதனை செய்யுங்கள். கூடத்தில் எட்டடி தள்ளிக் குத்துவிளக்கை வையுங்கள், அதற்குப் பின்னால் நாற்காலி, அதற்கும் பின்னால் சுவர். படுக்கையாகப் பிடித்து, ஜூம் இல்லாமல் எடுங்கள். அப்போதும் இரட்டையாகத் தெரிந்தால் இரண்டு லென்ஸ்களும் ஒரே மட்டத்தில் இல்லை என்று பொருள். பழைய கேமரா எங்காவது விழுந்திருந்தால் அப்படி ஆகும். அப்போது யோசிக்காமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

துளைப்படக்காரர் | சனி, காலை 7.15

இரண்டு லென்ஸ்களின் மட்டத்தைச் சோதிக்கச் சொன்னது மட்டுமே இந்த இழையில் முதலில் சொல்லியிருக்க வேண்டியது. மற்றபடி என் கருத்தில் மாற்றம் இல்லை.

சென்னிமலைத்தறி | ஞாயிறு, பிற்பகல் 2.10

குத்துவிளக்கு சரியாக வந்தது, ஐந்து முகமும் தனித்தனியாகத் தெரிகின்றன. பேத்தியை எட்டடியில் திண்ணையில் உட்காரவைத்து என் மனைவியே எடுத்தாள், வலி இல்லை. திருப்பித் தரவில்லை. எல்லோருக்கும் நன்றி.

குறிஞ்சி | ஞாயிறு, பிற்பகல் 2.35

மகிழ்ச்சி ஐயா. இதற்கான என்பி-50 பேட்டரி பழையதாக இருந்தால் விழாவின் பாதியில் நின்றுவிடும். கடைக்காரர் கொடுத்தது எத்தனை படங்கள் வரை தாங்குகிறது என்று எண்ணிப் பார்த்தீர்களா? உபரியாக ஒன்று வாங்கிவிட்டீர்களா?