சிப்பிப்பாறை நாய்க்குட்டிக்கு எந்த எலும்பு கொடுக்கலாம்?

எல்லோருக்கும் வணக்கம். திருமங்கலம் பக்கம் இருக்கிறோம். எங்கள் சிப்பிப்பாறைக் குட்டிக்கு ஏழு மாதம் முடிந்து, 42 பல்லும் முளைத்துவிட்டன. செருப்பு, கதவு நிலை, கயிற்றுக் கட்டில் எதையும் விடுவதில்லை. கடிக்க எலும்பு கொடுக்கலாம் என்று நினைக்கிறோம்.

வெந்த எலும்பு கூடவே கூடாது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. கடித்தால் கூராகச் சிதறித் தொண்டையிலும் குடலிலும் குத்திவிடும். குழம்பில் கிடந்த கோழி எலும்பைத் தெருநாய்க்கும் போடாதீர்கள். “காலங்காலமாகப் போடுவதுதானே” என்கிறார் அப்பா. அவரிடம்தான் தினமும் வாதம்.

குழப்பம் பச்சை எலும்பில். மாட்டுக் கால் எலும்பு கெட்டி, கடைவாய்ப்பல் உடைந்துவிடும். நகத்தால் அழுத்தினால் தடம் விழாத எதுவும் பல்லுக்கு ஆகாது என்கிறார்கள். அப்படியானால் ஆட்டுக் கழுத்தெலும்பு சரிவருமா? ஒரே வாயில் விழுங்கிவிடாத அளவுக்குக் கறிக்கடையில் எப்படி வெட்டச் சொல்கிறீர்கள்? மஜ்ஜைக் கொழுப்பால் வயிற்றுப்போக்கு வந்ததா?

அப்புறம், பச்சை எலும்பை ஃப்ரீசரில் வைத்தாலும், வயிற்றைக் கெடுக்கும் சால்மோனெல்லா கிருமி சாகாது. வீட்டில் தவழும் குழந்தை இருக்கிறது. கடித்துப் போட்ட எலும்பையும் தரையையும் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் கொடுப்போம். அப்படியும் சிக்கிக்கொண்டால், இரவிலும் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கும் கால்நடை மருத்துவர் மதுரையில் எங்கே இருக்கிறார்? தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.