மேல்மாடியும் குசினியும்: பிரபுக் குடும்பத் தொடர்களை விரும்புவோர் எந்த நாவல்களைப் படிக்கலாம்?

பிரிக்ஃபீல்ட்ஸ் வாசகி (கோலாலம்பூர்):

வணக்கம். 1912இல் டைட்டானிக் மூழ்கிய செய்தியோடு தொடங்கும் 'டவுன்டன் அபி' தொடரின் ஆறு பருவங்களையும் என் தாயாரும் நானும் பார்த்து முடித்துவிட்டோம். தாயாருக்கு மேல்மாடித் திருமணப் பேச்சுகளைவிடக் கீழே குசினியில் நடப்பவையே பிடித்திருந்தன. என் பாட்டி கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தின் துரை பங்களாவில் ஆயாவாக இருந்தவர். விருந்து நடந்த இரவுகளில் வெள்ளிக் கரண்டிகளைத் துடைத்து, எண்ணி, துரைசானியிடம் ஒப்படைத்த பிறகே லயத்துக்குத் திரும்ப முடியும் என்பதால், பிள்ளைகள் தூங்கிய பின்புதான் வீடு சேர்வாராம். எசமானர்களையும் வேலைக்காரர்களையும் ஒரே கூரையின்கீழ் காட்டும் வரலாற்று நாவல்கள், தமிழிலோ ஆங்கிலத்திலோ, இருந்தால் சொல்லுங்கள்.

ஜார்ஜ்டவுன் நூலகப் பூனை:

கசுவோ இஷிகுரோவின் 'த ரிமைன்ஸ் ஆஃப் த டே' நாவலில் தொடங்குங்கள். 1989இல் புக்கர் பரிசு பெற்றது. ஸ்டீவன்ஸ் என்னும் தலைமைப் பட்லர் 1956இல் காரில் பயணம் செய்துகொண்டே தம் பழைய எசமானரின் மாளிகையை நினைத்துப் பார்க்கிறார். 1923இல் அங்கே ஒரு மாநாடு நடக்கிறது. அதே மாளிகையின் மாடி அறையில், அவரைப் போலவே பட்லராக இருந்த அவருடைய தந்தை உயிர் விடுகிறார். ஸ்டீவன்ஸோ கீழே விருந்தினர்களைக் கவனித்துக்கொண்டிருக்கிறார். அன்றிரவு தாம் கடமை தவறவில்லை என்று அவர் பெருமைப்படும் இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். மறுநாள்தான் தொடர முடிந்தது. ஆடை அணிகளின் அழகை எதிர்பார்த்துப் படிப்பவர்களுக்கு இது சற்று வறட்சியாகத் தோன்றலாம்.

செந்தூல் செல்வி:

பூனையார் சொன்னது சிறந்த நாவல்தான், ஆனால் அதில் முழுக்க முழுக்க ஒரு பட்லரின் குரலே ஒலிக்கிறது. துணி துவைப்பவளின் கை எப்படிக் காய்த்துப் போகிறது என்று அறிய வேண்டுமானால், ஜோ பேக்கர் 2013இல் எழுதிய 'லாங்போர்ன்' நாவலைப் படியுங்கள். ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' குடும்பத்தை வேலைக்காரியான சாராவின் பக்கத்திலிருந்து பார்க்கும் கதை இது. அந்தக் குடும்பத்து மகள் எலிசபெத் சேற்றில் நடந்து போனதை நாமெல்லாம் துணிச்சல் என்று வியந்தோம். அந்தச் சேற்றைப் பாவாடையிலிருந்து தேய்த்தெடுக்க வேண்டியவளைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை.

ஆயர் ஈத்தாம் அண்ணாமலை:

சகோதரி, இங்கிலாந்து வரை போவானேன்? நம் ஈப்போவிலேயே அப்படியொரு பெரிய வீடு இருக்கிறது. பிரீத்தா சமரசன் 2008இல் வெளியிட்ட 'ஈவ்னிங் இஸ் த ஹோல் டே' நாவலில், 1980இல், வசதியான ஒரு தமிழ் வழக்கறிஞர் வீட்டிலிருந்து செல்லம் என்னும் வேலைக்காரப் பெண் பழி சுமத்தப்பட்டு வெளியேற்றப்படுகிறாள். அங்கிருந்து கதை பின்னோக்கிச் செல்கிறது. துணையில்லாதவர்க்குப் பகலும் மாலையே என்று சொல்லும் குறுந்தொகை 234ஆம் பாடலிலிருந்து எடுத்த தலைப்பு அது. இங்கே எசமானரும் தமிழர், வேலைக்காரியும் தமிழச்சி. வெள்ளைக்காரர்களைப் பார்த்துப் பழகிய நமக்கு அதுதான் உறுத்துகிறது.

பழைய புத்தகப் பிரியன் (பட்டர்வொர்த்):

தமிழ் வரலாற்று நாவல்களில் அரண்மனைப் பணிப்பெண் ஓலை கொண்டு வருவாள், கதவோரம் நின்று ஒட்டுக்கேட்பாள், அத்தோடு காணாமல் போவாள். அவளுக்கென்று ஒரு கதை அமைவது அபூர்வம். எனவே அரசர்களை விட்டுவிட்டு, பிரபஞ்சனின் 'மானுடம் வெல்லும்' நாவலைத் தேடுங்கள். பதினெட்டாம் நூற்றாண்டுப் புதுச்சேரியை, ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைத் துணையாகக் கொண்டு எழுதியது. பிள்ளை சமையற்காரரல்லர், பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்குத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் இடைத்தரகராகவும், இருந்த செல்வந்தர். ஆயினும் எசமானரின் முகக்குறிப்பைப் படித்தே பிழைக்க வேண்டியவர் என்ற வகையில், பட்லருக்கும் அவருக்கும் தூரம் அதிகமில்லை.

பிரிக்ஃபீல்ட்ஸ் வாசகி:

அனைவருக்கும் நன்றி. துபாஷியைப் பட்லரோடு சேர்ப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. தமக்கே வேலைக்காரர்களை வைத்திருந்தவர் அவர். இருந்தாலும் அந்த நாவலையும் படிப்பேன். முதலில் ஈப்போ வீட்டுக் கதைதான். தாயாருக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது என்பதால், இரவு உணவுக்குப் பிறகு ஓர் அத்தியாயமாகப் படித்துத் தமிழில் சொல்லவிருக்கிறேன். அந்தச் செல்லம் பிறகு எங்கே போனாள் என்று இப்போதே கேட்கத் தொடங்கிவிட்டார்.