பிபிஎஸ் 3-லிருந்து 4-க்குப் போகும் முன், இல்லாத விஎம்களின் பேக்கப்பை எப்படித் துடைப்பது?

கேள்வி:
ப்ராக்ஸ்மாக்ஸ் பேக்கப் சர்வரை (பிபிஎஸ்) 4-க்கு மேம்படுத்த வேண்டும், ஆனால் பேக்கப் சேரும் டேட்டாஸ்டோர் நிரம்பி வழிகிறது. பாதிக்கு மேல் எப்போதோ அழித்த விஎம்களின் (மெய்நிகர் கணினிகளின்) பேக்கப்தான். பழைய பேக்கப்பைக் கழிக்கும் ப்ரூன் தினமும் ஓடியும் அவை அப்படியே கிடக்கின்றன. சில குரூப்பை, அதாவது ஒரு விஎம்மின் மொத்தப் பேக்கப் தொகுப்பை, கையாலேயே நீக்கினேன், டிஸ்க்கில் ஒரு ஜிபிகூட மிச்சமாகவில்லை. நேராக, பேக்கப் தரவு துண்டு துண்டாகக் கிடக்கும் சங்க்ஸ் ஃபோல்டருக்குள் போய்ப் பழைய ஃபைல்களை அழித்துவிடலாமா?

பதில் 1:
அதில் மட்டும் கை வைக்காதீர்கள்! அங்கே ஒரே துண்டைப் பல விஎம்கள் பங்குபோட்டுக்கொண்டிருக்கும், பழைய தேதி என்று நம்பி ஒன்றை அழித்தால் நேற்று எடுத்த பேக்கப்பே மீட்க முடியாமல் போகலாம்.

ப்ரூனில் 7 நாள் என்று வைத்தால் அது காலண்டரின் 7 நாள் இல்லை, பேக்கப் இருக்கும் 7 நாள். விஎம் போன பிறகு புதிதாக எதுவும் சேராது, அதனால் கடைசி ஏழும் எத்தனை வருடம் ஆனாலும் நகராது. ஆக, குரூப்பை நீங்களே நீக்கியது சரிதான். ஆனால் அதில் போவது எந்தத் துண்டுகள் வேண்டும் என்ற பட்டியலான இண்டெக்ஸ் மட்டும், எந்தப் பட்டியலிலும் இல்லாத துண்டை அழித்து இடத்தை விடுவிப்பது கார்பேஜ் கலெக்‌ஷன். அதுவும் இயல்பாக, கடந்த 24 மணி 5 நிமிடத்துக்குள் தொடப்பட்ட துண்டை விட்டுவைக்கும், முந்தைய கார்பேஜ் கலெக்ஷன் (ஜிசி) தொட்டதும் இதில் சேர்த்திதான். அதனால் ஒரு நாள் விட்டு மறுபடி ஓட்டுங்கள்.

பதில் 2:
மிச்சக் குரூப்புகளை நீக்கும் முன் விஎம் எண்ணைப் பாருங்கள். பழைய 105-ஐ அழித்துவிட்டு அதே எண்ணில் புது விஎம் போட்டிருந்தால் இரண்டும் ஒரே குரூப்பில்தான் இருக்கும், மொத்தமாக நீக்கினால் புதியதும் போய்விடும். வேறொரு சர்வருக்கு சிங்க் (பேக்கப்பை நகலெடுக்கும் வேலை) இருந்து, அதில் 'மறைந்ததை நீக்கு' போட்டிருந்தால் அங்கேயும் அழியும்.

கேட்டவர்:
ஒரு எண் அப்படித்தான் இருக்கிறது, அதில் பழைய ஸ்னாப்ஷாட்களை (தனித்தனிப் பேக்கப்புகளை) மட்டும் எடுக்கிறேன். ஜிசி முடிந்ததும் மேம்படுத்தலாமா?

பதில் 1:
முதலில் பேக்கப் பழுதில்லையா என்று பார்க்கும் வெரிஃபை ஒரு தடவை ஓட்டிவிடுங்கள். சிஸ்டம் இருக்கும் ரூட் பகுதியில் 10 ஜிபியாவது காலி இருக்க வேண்டும், டேட்டாஸ்டோர் தனி டிஸ்க் என்றால் இந்தச் சுத்தம் அதற்கு உதவாது. அடுத்து 3.4-இன் கடைசி அப்டேட்டைப் போடுங்கள், கூடவே சர்வரின் கான்ஃபிக் (அமைப்புகள்) ஃபோல்டரை வேறோர் இடத்தில் நகலெடுத்து வையுங்கள். அப்புறம் டேட்டாஸ்டோரைப் படிக்க மட்டும் என்ற பராமரிப்பு நிலையில் வையுங்கள். அந்த நிலையில் ஜிசி ஓடாது, ஆகவே துடைக்கிற வேலையெல்லாம் அதற்கு முன்பே முடியட்டும். 3-லிருந்து 4-க்கான சோதனை ஸ்கிரிப்ட்டை ஓட்டி, அது சொல்லும் எச்சரிக்கைகளைச் சரிசெய்த பிறகே சர்வருக்கு அடியில் ஓடும் டெபியனின் 13-ஆம் பதிப்புக்கு ரெப்போவை (மென்பொருள் இறங்கும் இடத்தை) மாற்றுங்கள்.