கவுன்சில் வீட்டில் காலி அறை: 14% வெட்டினால் வரிப்பணம் மிச்சமா?

தென்றல்:
இங்கிலாந்தில் மூன்று பெட்ரூம் கவுன்சில் வீடு (உள்ளாட்சி மன்றம் வாடகைக்குத் தருவது). அம்மா, அப்பா, 9 வயது மகன், 8 வயது மகள். வாடகை வாரம் 120 பவுண்ட், யுனிவர்சல் கிரெடிட் என்னும் அரசு உதவித்தொகையில் வருகிறது. குடும்பத்துக்குத் தேவையானதைவிட ஒரு அறை கூடுதலாம், வாடகை உதவியை வெட்டுகிறார்கள். எவ்வளவு வெட்டலாம்? சின்ன வீட்டுக்குப் போவதுதான் வழியா? இதனால் அரசுக்கு உண்மையிலேயே மிச்சமா?

கணக்கர்:
இந்த விதி 2013 ஏப்ரலில் வந்தது. ஓர் அறை கூடுதல் என்றால் 14%, இரண்டோ அதற்கு மேலோ என்றால் 25%. 120 பவுண்டில் வாரம் 16.80, மாதக் கணக்கில் 72.80. வாடகையோடு சேர்த்து வாங்கும் ஹீட்டிங், தண்ணீர்க் கட்டணத்தைக் கழித்துவிட்டுத்தான் இந்தச் சதவீதம் போட வேண்டும். ஸ்டேட்மென்ட்டில் அதை முதலில் பாருங்கள்.

தம்பதிக்கு ஓர் அறை. 10 வயதுக்குக் கீழ் இரு பிள்ளைகள் என்றால் ஆணும் பெண்ணும் ஆனாலும் ஓர் அறைதான். மகனுக்கு 10 ஆனதும் தனி அறை கணக்கில் வரும், வெட்டு நிற்கும். அதனால் இவர்கள் வீடு மாறவே வேண்டாம். அதுவரை கவுன்சிலிடம் தற்காலிக வாடகை உதவி கேட்கட்டும். பிறந்தநாளுக்குப் பிறகும் வெட்டு தொடர்ந்தால் அன்றே யுனிவர்சல் கிரெடிட் ஆன்லைன் கணக்கின் ஜர்னலில் எழுதுங்கள். (ஸ்காட்லாந்தில் இந்த வெட்டை அரசே ஈடுகட்டுகிறது.)

சாவிக்கொத்து:
மாறியே ஆக வேண்டியவர்களுக்கு, இரு குடும்பம் வீடு மாற்றிக்கொள்ளும் முறை உண்டு. செக்யூர் டெனன்ட் (எளிதில் வெளியேற்ற முடியாத, சட்டப் பாதுகாப்புள்ள கவுன்சில் வாடகைதாரர்) என்றால் விண்ணப்பித்த 42 நாளுக்குள் கவுன்சில் பதில் சொல்ல வேண்டும். வாடகைப் பாக்கி இருந்தால், கட்டிய பிறகே என்று நிபந்தனை வரும். எழுத்தில் சம்மதம் வராமல் சாமான் ஏற்றாதீர்கள், அந்த வீட்டில் வாடகைக்கு இருக்கும் உரிமையே போய்விடலாம். போகும் வீட்டைப் பகலில் பாருங்கள்: ஈரச்சுவர், உடைந்த கதவு, முன்பிருந்தவர் தானே போட்ட ஷவர் எல்லாம் பெரும்பாலும் உங்கள் தலையில்தான் விழும்.

நிலவரம்:
மிச்சம் என்பது பெனிஃபிட் கணக்கில் மட்டும்தான். கட்ட முடியாத 72.80 கவுன்சிலுக்கு வாடகைப் பாக்கியாகிறது. குடும்பம் தனியார் வீட்டுக்குப் போனால், அந்தக் கூடுதல் வாடகைக்கு அரசு தரும் உதவி பழையதைவிட அதிகமாகலாம்.

பணம் கரைவது வீடில்லாத குடும்பங்களுக்குக் கவுன்சில் தரும் தற்காலிகத் தங்குமிடத்தில். இங்கிலாந்து கவுன்சில்கள் 2023–24-ல் அதற்கு 200 கோடி பவுண்டுக்கு மேல் செலவழித்தன. ஓய்வூதிய வயதினருக்கு இந்த வெட்டே கிடையாது. மூன்று பெட்ரூமில் தனியாக இருக்கும் ஒரு முதியவர் தாமாகவே சின்ன வீட்டுக்கு மாறி, தங்குமிடத்தில் கிடக்கும் குடும்பம் அங்கே குடியேறினால் அதுதான் உண்மையான மிச்சம். பல கவுன்சில்கள் விட்டுக்கொடுக்கும் அறைக்கு இவ்வளவு என்று பணமும் வேன் செலவும் தருகின்றன. ஆனாலும் ஏன் மாறுவதில்லை? புதிய சின்ன வீடு பல இடங்களில் ‘அஃபோர்டபிள் ரென்ட்’, அதாவது சந்தை வாடகையில் 80% வரை. ஒரு பெட்ரூமுக்குப் பழைய மூன்று பெட்ரூமைவிட அதிகம் கட்ட யார் சம்மதிப்பார்? அவர்களுக்காகப் பேசப் போகிறவர்கள் புதிய வீடு சோஷியல் ரென்ட்டா (அஃபோர்டபிள் ரென்ட்டைவிடக் குறைந்த வழக்கமான கவுன்சில் வாடகையா) என்பதை முதலில் கேளுங்கள், தரைத்தளமா என்பதை அடுத்து.