புது ப்ரோகிராம் ஏற்றியதும் மணி நிற்காமல் அடிக்கிறது

கேள்வி (குலசேகரம்):
எங்கள் ரப்பர் ஷீட் புகை போடும் அறையில் ஒரு அர்டுயினோ ஊனோ (ப்ரோகிராம் ஏற்றி ஓட்டும் சின்ன கன்ட்ரோல் போர்டு). 55 டிகிரியில் ஃபேன் ஓடும், 60 தாண்டினால் மணி அடிக்கும், இந்த இரண்டு அளவும் ஈஈப்ராமில் (கரன்ட் போனாலும் அழியாத நினைவகம்) இருக்கிறது. மணிக்கு முன் சில வினாடி பொறுக்கட்டும் என்று ஒரு அளவைச் சேர்த்து ஏற்றினேன். இப்போது கரன்ட் கொடுத்து ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, அடுப்பே மூட்டாத அறையில் மணி அலறுகிறது. ஃபேன் 60இல்தான் ஓடுகிறது. பழைய ப்ரோகிராமைப் போட்டால் எல்லாம் சரி.

பதில் 1 (மார்த்தாண்டம்):
சென்சார் வயர் பார்த்தீர்களா? புகையில் முனை கறுத்துப்போகும்.

பதில் 2 (தக்கலை):
வயர் இல்லை தம்பி, பழையது சரியாக ஓடுகிறதே. புது அளவை ஸ்ட்ரக்டில் (அளவுகளை வரிசையாக அடுக்கி வைக்கும் தொகுப்பு) முதலில் வைத்தீர்களா? யூஎஸ்பி வழியாக ஏற்றினால் ஈஈப்ராம் அழியாது. பழைய அளவுகள் அதே இடத்தில் இருக்க, படிக்கும் இடம் எல்லாம் 2 பைட் தள்ளிப்போய், காத்திருக்கும் நேரம் 55, ஃபேன் 60, மணிக்கு எழுதாத இடத்தின் 255, 255 கிடைக்கும், இன்ட்டில் (மைனஸும் வரக்கூடிய 2 பைட் முழு எண்) அது -1. எந்த வெப்பமும் -1ஐ விட அதிகம்தானே! முதல் பைட்டில் ஒரு பதிப்பு எண் வையுங்கள், பொருந்தாவிட்டால் இயல்பு அளவுகளை எழுதட்டும். லூப்புக்குள் (ஓயாமல் திரும்பத் திரும்ப ஓடும் பகுதி) மட்டும் எழுதாதீர்கள், ஈஈப்ராமின் ஒரு இடத்தில் 1,00,000 தடவை எழுதத்தான் உத்தரவாதம்.

கேட்டவர்:
அதேதான் அண்ணே, முதலில்தான் வைத்திருந்தேன். பதிப்பு எண் போட்டேன், மணி அடங்கிவிட்டது, ஃபேனும் 55இல் ஓடுகிறது. ரொம்ப நன்றி.